எளிதாகப் பாடக்கூடிய பதினான்கு

அன்று வீட்டில் இருந்தவர்கள்: கட்டிலில் அம்மா, லட்சுமி. அம்மாவின் காலடியில் புதுச் சுடிதாரோடு என் தங்கை ஜமுனா. வாசற்படியில் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள், கையில் தூக்குவாளி நிறைய நண்டுக் குழம்பு. வெளியே கம்பெனி வேனை ஓட்டி வந்த பிராங்க்ளின். அடுப்பருகே நான், ஹேமாவதி. வேறு யாரும் இல்லை.

நர்ஸம்மா, யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுது, பிறகு நடந்ததை எழுது என்று சொல்லித் தாள் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எழுதுவதில் எனக்குச் சிரமம் இல்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் எண்பத்தொன்பது வாங்கினேன். நீங்கள் கேட்டது மாத்திரையைப் பற்றி. அதற்கு வருவேன். ஆனால் பாட்டைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் சொன்னால் நான் கெட்டவள்போலத் தெரிவேன். அதனால் பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திரா பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனி இருக்கிறது. கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டி டேப் சுற்றும் வேலை. அங்கே நைட் ஷிப்டில் பதினோரு மாதம் இருந்தேன். ஒரு நாள் வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் எழுந்து போகவில்லை. மறுநாளும் அடித்தது. மூன்றாம் நாள் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வாதம் வந்தது நான் வேலையை விட்டு மூன்று வாரம் கழித்து. நான் யாரையும் திருத்தவில்லை.

வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. 'ம்' என்பாள், 'ஜமு' என்பாள். என் பெயர் அவள் வாயில் வரவில்லை. எழுத்து அதிகம், அதனால் இருக்கும். நைனா போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிவிட்டது. என் இடத்தில் ஜமுனா கம்பெனிக்குப் போனாள். நான் வீட்டில் இருந்தேன். அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர்.

கம்பெனி மேனேஜர் ஜப்பான்காரர். அவருக்கு ஹிசானே என்ற பாடகியைப் பிடிக்கும். டீ இடைவேளைக்குப் பிறகு தூக்கம் கலைய அவள் பாடல்களைத்தான் ஸ்பீக்கரில் போடுவார்கள். பாதிப் பேர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். அவள் குரல் அப்படி. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தொடங்கும், நடுவில் கூரையைத் தூக்கிவிடும். நான் பஞ்சு வைத்துக்கொள்ளவில்லை. பதினோரு மாதத்தில் அறுபத்து மூன்று பாடல்கள் மனப்பாடம் ஆயின. அட்டைப்பெட்டிகளின் மேல் இருக்கும் ஜப்பான் எழுத்துகளையும் கேட்டுக் கேட்டுப் படித்தேன். வேலையை விட்டபோது எனக்கென்று மிஞ்சியது அந்தப் பாடல்கள்தான். முதுகுவலியும்.

போன வருடம் கம்பெனிக்குப் பத்து ஆண்டு நிறைந்தது. விழாவில் ஹிசானே பாடல் போட்டி என்று அறிவித்தார்கள். ஜப்பானில் இருக்கும் பெரிய தொழிற்சாலைக்கு மூன்று வருடப் பயிற்சிக்கு ஆறு பேரை அனுப்புவதாக இருந்தது. ஐந்து பேர் தேர்வு எழுதி. ஆறாவது ஆள் பாட்டில் ஜெயிப்பவள். பாட்டுக்கும் ஒயருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கம்பெனி அவர்களுடையது.

ஜமுனாவின் லைனில் எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள். யாருக்கும் எந்தப் பாட்டை எடுப்பது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தொகுப்பு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். அனுப்பம்பட்டிலிருந்து சத்யா ரயிலும் பஸ்ஸுமாக மாறி வருவாள், கையில் எப்போதும் ஒரு பாக்கெட் மிக்சர். என்னைத் தேடி ஆள் வந்தது அந்த ஒரு மாதம்தான்.

நான் ஒரு நோட்டுப் போட்டேன். அறுபத்து மூன்று பாட்டுக்கும் நம்பர். எளிய பாட்டு எது என்பதற்கு எனக்குச் சில அளவுகள் இருந்தன. ஒரு கொத்து ஒயருக்கு டேப் சுற்றி முடிக்கும் நேரத்துக்குள் மூச்சு வாங்க இடம் வரவேண்டும். வராவிட்டால் நம் பெண்களுக்கு ஆகாது. உச்சக் குரலுக்குப் போகும்போது தாடை மேலே தூக்கினால் அந்தப் பாட்டை அடித்துவிடுவேன். கடைசியில் திடீரென்று ஒரு படி ஏறிப் பாடுகிற வழக்கம் ஹிசானேவுக்கு உண்டு. ஏறுகிற பாட்டெல்லாம் வெளியே. 'த்ஸு' என்ற சத்தம் அதிகம் வந்தாலும் வெளியே, சத்யாவுக்கு அது 'சூ' என்றே வரும், நாயை விரட்டுவதுபோல. இப்படிக் கழித்ததில் பதினான்கு மிஞ்சின. அந்தப் பதினான்கில் ஆறு, ஹிசானே வயிற்றில் பிள்ளையோடு இருந்த வருடம் பாடியவை. அடிவயிற்றிலிருந்து பாடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதனால் அவற்றில் கூரை தூக்குவது கிடையாது.

"இன்னாடி ஹேமா, உன் ஜப்பான்காரி காலையிலேயே ஒப்பாரி வக்கிறா, யாரு செத்தது?" என்பாள் கஸ்தூரியம்மாள், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"யாரும் சாகல அத்த. காதல் பாட்டு."

"காதலிச்சா இப்டி கத்தணுமா? நான்லாம் மூணு பெத்தேன், ஒரு சத்தம் வெளிய வந்திருக்குமா கேளு."

பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கட்டிலில் அம்மாவும் இடது பக்க வாயால் சிரிப்பாள்.

மற்ற ஏழு பேருக்கும் நான் நியாயமாகத்தான் தேர்ந்தெடுத்தேன். குரல் தாங்குமளவு கொடுத்தேன். சத்யாவுக்குக் குரல் கனம், அவளுக்கு மட்டும் பதினான்குக்கு வெளியே போய் நாற்பத்தொன்று கொடுத்தேன். அது பெரிய பாட்டு. ஜமுனாவுக்கு ஏழு.

ஏழாம் நம்பர் பதினான்கிலேயே எளியது. நான்கு வரி, அதே நான்கு வரி மறுபடி. நடுவில் வார்த்தையே கிடையாது, வாயை மூடிக்கொண்டு ஹிசானே முனகுவாள், ஒன்றரை நிமிடம். அதற்குப் பிறகு அதே நான்கு வரி. குழந்தையைத் தூங்க வைக்கிற பாட்டு. அதைப் பாடி யாரும் ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் கொடுத்தேன். இதை நான் மறைக்கவில்லை.

"அக்கா, எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பால்வாடிப் பாட்டு? சத்யாவுக்கு மட்டும் பெரிசா குடுத்திருக்க."

"உன் தொண்டைக்கு இதான் ஒத்துவரும்."

"நாப்பத்தொண்ணு நான் பாடுவேன். பாடிக் காமிக்கட்டா?"

"தொண்ட கிழிஞ்சா யாரு பொறுப்பு?"

"மேனேஜரு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நீ சொன்னா சரிதான்க்கா, எனக்கு இன்னா தெரியும்," என்றாள்.

அவள் என்னை நம்பினாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். என்னைத் தவிர எங்கள் வீட்டில் எல்லோரும் ஏரியில் இறால் தடவப் போனவர்கள். மார்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பது. கை இரண்டும் அடியில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பறி நிறைய நிறையக் கனக்கும். வாயைத் திறந்தால் அத்தனையும் தண்ணீரில் போய்விடும். அப்படியே மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். பேச முடியாது. ஆனால் அம்மா முனகுவாள். மூடிய பல்லுக்குள்ளிருந்து, நெஞ்சிலிருந்து, ஏதாவது ஒரு மெட்டு. சேற்றுத் தண்ணீரில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அந்தச் சத்தத்தில்தான் தெரியும். ஜமுனா அம்மாவோடு போய் அதைப் படித்துக்கொண்டாள். கம்பெனிக்குப் போன பிறகும் லீவு நாளில் கஸ்தூரியம்மாளோடு இறங்குவாள். நான் பள்ளிக்கூடம் போனவள், தண்ணீரில் இறங்கியதில்லை. வாயை மூடிக்கொண்டு பாடுவது சுலபம் என்று நோட்டில் எழுதினேன்.

விழாவுக்கு நான் போகவில்லை. அம்மாவை யார் பார்ப்பது. பிராங்க்ளின் தன் போனில் எடுத்ததைச் சாயங்காலம் காட்டினான்.

ஏழு பெண்கள் கத்தினார்கள். சத்யா கடைசி ஏற்றத்தில் குரல் உடைந்து இருமினாள். பிறகு ஜமுனா வந்து நின்றாள். முதல் நான்கு வரி சுமார்தான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள், நிஜமாகவே கயிறு ஒன்று வாயில் இருப்பதுபோலத் தாடை இறுகியது, தலை கொஞ்சம் குனிந்தது. முனக ஆரம்பித்தாள். அந்தத் தகரக் கூரை மண்டபத்தில் மைக் இல்லாமலே கேட்டிருக்கும். போன் கையில் நடுங்கியதுபோல இருந்தது. பிராங்க்ளின் நடுங்கவில்லை, போனின் ஸ்பீக்கர் அதிர்ந்தது. முன்வரிசையில் ஜப்பானிலிருந்து வந்த விருந்தினர்கள் பன்னிரண்டு பேர், எல்லாம் வயதானவர்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பன்னிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அவளோடு சேர்ந்து முனகினார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாம் அது. எளிய பாட்டு என்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜமுனா வேனிலிருந்து இறங்கி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "உன்னாலதான்க்கா. நான் அந்தப் பெரிய பாட்டப் பாடியிருந்தா மண்ணுதான்."

கட்டிலிலிருந்து அம்மா "ஜமு, ஜமு" என்றாள்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. புறப்பட இருபத்தாறு நாள். ஜமுனா பாஸ்போர்ட்டுக்கு அலைந்தாள், பெட்டி வாங்கினாள், என் நோட்டிலிருந்து ஜப்பான் எழுத்துகளைப் படித்தாள்.

"மாசா மாசம் அனுப்புறேன்க்கா. அம்மாவுக்கு ஆளு வச்சிக்கோ," என்றாள்.

"இந்த ஊருக்கு எந்த ஆளு வருவா?"

"கஸ்தூரி அத்த வராங்க இல்ல?"

"அவங்க ஏரிக்குப் போனா?"

"அப்ப நீ கொஞ்சம் சமாளியேன். மூணே வருஷம்."

கொஞ்சம் சமாளி என்றாள். அவள் நல்ல பெண்தான். ஆனால் மூன்று வருடம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. காலையில் துணி மாற்றுவது, மதியம் துணி மாற்றுவது, இரவில் புண் வராமல் புரட்டிப் போடுவது. ஒரு அறை, ஒரு ஜன்னல். நைட் ஷிப்டையாவது விட்டுவிட்டு வரலாம். ஜப்பானுக்குப் போனவள் மூன்று வருடத்தில் திரும்புவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் அவளாக இருந்தால் திரும்ப மாட்டேன்.

அவளாகவே போகவேண்டாம் என்று முடிவு செய்ய ஒரு காரணம் கொடுக்க நினைத்தேன். பெரிதாக எதுவும் இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்புக்கு முடியாமல் போனால் போதும், ஜமுனா புரிந்துகொள்வாள்.

நீங்கள் மாதா மாதம் கொண்டுவந்து தரும் பிரஷர் மாத்திரையை நான்தான் இரவில் கொடுப்பேன். கடிதம் வந்த இரவிலிருந்து அதைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் நீங்கள் தந்த சத்து மாத்திரையைக் கொடுத்தேன். வெறும் வயிறாக விடவில்லை. சாப்பாடு வேளைக்குக் கொடுத்தேன், உடம்பு துடைத்தேன், எண்ணெய் தேய்த்தேன். பிரஷர் மாத்திரையை வீசி எறியவும் மனம் வரவில்லை, அரசாங்கம் கொடுப்பது. காலி பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

முதல் இரவு அம்மா என் உள்ளங்கையைப் பார்த்தாள். பிரஷர் மாத்திரை சிறியது, இது பெரியது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். அடுத்த இரவும் பார்த்தாள். அதற்கடுத்த இரவிலிருந்து பார்க்கவில்லை, வாயை மட்டும் திறந்தாள். அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஜமுனா போவதில் அவளுக்கும் இஷ்டமில்லை. இஷ்டம் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பாளே. அது ஒன்றுதான் அவளால் எப்போதும் முடியும்.

இருபது நாளுக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்றும் ஆகாததால், மாத்திரைக்கு அத்தனை வேலை இல்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

ஜமுனா புறப்படும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது. கம்பெனியில் வழியனுப்பு விழா, அங்கிருந்து ஏர்போர்ட். பிராங்க்ளின் பெட்டியை வேனில் ஏற்றினான்.

"அத்த, அந்தக் கொழம்ப பிளேன்ல ஏத்த மாட்டான்," என்றான் கஸ்தூரியம்மாளிடம்.

"ஏன், ஏறுனா பிளேன் கவுந்துடுமா? நீ வண்டியப் பாத்து ஓட்டு, எனக்குச் சொல்ல வந்துட்டான்."

ஜமுனா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து கும்பிட்டாள். நான் குங்குமத் தட்டை நீட்டினேன். அம்மா இடது கையால் எடுத்தாள். கை ஜமுனாவின் நெற்றிவரை போகவில்லை. பாதியில் நின்றது. குங்குமம் சுடிதாரில் கொட்டியது. அம்மாவின் வாய், நன்றாக இருந்த பக்கமும், கீழே இறங்கியது.

"ஐயோ லட்சுமி," என்றாள் கஸ்தூரியம்மாள்.

"ஆம்புலன்சுக்கு நின்னா ஆவாது, வேன்லயே போட்டுனு போலாம்," என்றான் பிராங்க்ளின். ஏற்றிய பெட்டியை இறக்கித் தெருவில் வைத்தான். நாலு பேருமாகத் தூக்கினோம். நான் தலைப்பக்கம் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்று கேட்டார். "எங்கக்கா ஒரு நாள் விட மாட்டாங்க சார்," என்றாள் ஜமுனா. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் சொன்னது ஒரு விதத்தில் உண்மை. ஒரு இரவுகூட நான் விட்டதில்லை.

விமானம் போயிற்று. அம்மா உயிர் பிழைத்தாள். இப்போது இரண்டு பக்கமும் அசையாது, கண் மட்டும் சுற்றும். ஆறாவது இடம் சத்யாவுக்குப் போனது. இருமியவளுக்கு. பனியில் நின்று போட்டோ அனுப்பியிருக்கிறாள், குல்லாய் போட்டிருக்கிறாள்.

மாற்றுப் புடவை எடுக்க ஜமுனா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நானும் கூட வந்தேன். அம்மாவுக்கு முகப்பவுடர் வேண்டும் என்று அந்த டப்பாவைத் திறந்தாள். பாயில் கவிழ்த்துக் கொட்டினாள். எண்ணினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எந்த நாள்லேர்ந்து?" என்றாள்.

"லெட்டர் வந்த நாள்லேர்ந்து."

"செத்திருந்தா?"

"சாகல இல்ல."

என்னைப் பார்த்தாள். அம்மா முதல் இரவு பார்த்ததுபோலவே.

"அந்தப் பாட்டும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான் மாற்றுப் புடவையை எடுத்து மடித்தேன். கேள்வி முடியவில்லையே.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஏழு வாரம் ஆகிறது. யாரிடமும் சொல்லவும் இல்லை. போன வாரம் நீங்கள் டப்பாவைப் பார்த்துக் கேட்டபோதும் அவள் வாய் திறக்கவில்லை, என்னைக் கைகாட்டினாள், அவ்வளவுதான். கம்பெனியில் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாத்திரை அட்டையை டிபன் பாக்ஸோடு பையில் வைத்துக் கொண்டுபோகிறாள். மதிய மாத்திரையும் ஒரு சாவியும் மட்டும் கஸ்தூரியம்மாளிடம். கஸ்தூரியம்மாள் வந்து கொடுத்து, அம்மாவை என்னோடு சேர்ந்து தூக்கி, துணி மாற்றிவிட்டுப் போவாள். என்னிடம் அவளும் பேசுவதில்லை. தூக்கும்போது மட்டும் "ம்" என்பாள்.

ஊரில் ஜமுனாவைப் பாவம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அடுத்த வருடத் தேர்வுக்கு எழுதிப்போட்டிருப்பாள். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பி வருகிறாள், தினமும், ஒரு நாள்கூடப் பிந்தாமல். அக்காவும் தங்கையும் அம்மாவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்படி இருக்க எத்தனை குடும்பத்துக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?

மாத்திரையை நிறுத்தியது நான்தான். அப்போது வேறு யாருக்கும் தெரியாது. பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். இந்தத் தாளை ஜன்னல் கம்பி வழியாகத்தான் தர முடியும், நீங்கள் இந்தப் பக்கமாக வரவேண்டும்.

இன்று காலையும் ஜமுனா அம்மாவின் வாயைத் துடைத்தாள், மாத்திரையைப் பொடித்துக் கரண்டியில் ஊட்டினாள், விழுங்கும்வரை தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். என் தட்டில் இட்லி வைத்தாள். சாப்பிட்டேனா என்று பார்க்கவில்லை. "போயிட்டு வரியா?" என்று கேட்டேன். செருப்பை மாட்டினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு வெளியிலிருந்து பூட்டினாள், ஒரு முறை இழுத்துப் பார்த்தாள், போனாள்.